9 பேரா, பத்தரை பேரா? குறைந்த கதிர்வீச்சும் 41 வருஷ வழக்கும்

இன்றைய எபிசோடில் ஒரே ஒரு கேள்வி. கொஞ்சமாகக் கதிர்வீச்சு பட்டால் உடம்புக்குக் கெடுதலா, இல்லையா?

இணையத்தில் தேடிப் பாருங்க, மூணு விதமான பதில் கிடைக்கும். ஒரு ஆய்வு ஆபத்து என்கிறது. இன்னொன்று ஒன்றும் ஆகாது என்கிறது. மூன்றாவது, நல்லதுகூட என்கிறது! மூன்றையும் எழுதியவர்கள் படித்தவர்கள்தான். மூன்றும் ஆய்விதழ்களில் வந்தவைதான். அணு உலை வேண்டும் என்பவர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார், வேண்டாம் என்பவர் இன்னொன்றைக் காட்டுவார். கேட்கிற நாம், ஏற்கெனவே நமக்கு எது பிடிக்குமோ அதை நம்பிவிட்டுப் போய்விடுவோம்.

அப்படி இல்லாமல் ஒரு ஆய்வை எடைபோடுவது எப்படி? அதற்கு விதிமுறைகளை அடுக்குவதைவிட ஒரு கதை சொல்கிறேன். நிஜமாக நடந்த கதை. 1956-ல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். அது சரியா தப்பா என்ற வழக்கு ஓரளவுக்கு முடிவுக்கு வந்தது 1997-ல். நடுவில் 41 வருஷம்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன அறிமுகம். கதிர்வீச்சின் அளவை மில்லிகிரே, மில்லிசீவர்ட் என்று சொல்வார்கள். எக்ஸ்ரே, காமா கதிர் இரண்டுக்கும் இந்த இரண்டு அலகும் ஏறக்குறைய ஒரே எண்தான், அதனால் குழம்ப வேண்டாம். மண்ணிலிருந்தும், காற்றிலிருந்தும், வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் சுமார் 10. மொத்தத்தில் 100-க்குக் கீழே இருப்பதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் குறைந்த அளவு என்கிறார்கள்.

அதிக அளவு பற்றிச் சண்டையே இல்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அதிகக் கதிர்வீச்சு புற்றுநோயைக் கூட்டுகிறது என்பது உறுதியாகிவிட்டது. தகராறு எல்லாம் 100-க்குக் கீழேதான்.

காரணம் எளிது. புற்றுநோய் எப்படியும் நிறைய பேருக்கு வருகிற நோய். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் குழு ஒன்று 2006-ல் ஒரு மதிப்பீடு கொடுத்தது. 100 பேருக்கு ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் பட்டால், வாழ்நாளில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அதே 100 பேரில், கதிர்வீச்சே படாவிட்டாலும், வேறு காரணங்களால் 42 பேருக்கு வரும்.

42-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் 100 மில்லிசீவர்ட்டுக்கு. 10 மில்லிசீவர்ட் என்றால், அதே விகிதத்தில், 1000 பேரில் 420-க்கும் 421-க்கும் உள்ள வித்தியாசம். கல்யாண மண்டபத்துக் கூச்சலில் கொசு ரீங்காரத்தைக் கேட்பது மாதிரி. புகைபிடிக்கும் பழக்கம், வயது, வசதி என்று எது கொஞ்சம் மாறினாலும் அந்தச் சத்தம் காணாமல் போய்விடும். இல்லாத சத்தம் கேட்பது மாதிரியும் தோன்றிவிடும்.

அப்படியென்றால் அந்தச் சத்தத்தை எங்கே போய்க் கேட்பது? கூச்சல் குறைந்த இடத்தில். அதாவது புற்றுநோய் இயல்பிலேயே மிக அபூர்வமாக இருக்கிற இடத்தில். குழந்தைகளிடத்தில்.

டாடா அறக்கட்டளையின் ஆயிரம் பவுண்டு

1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற டாக்டர் இருந்தார். 1906-ல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவம் என்ற துறை அவர் பொறுப்பில். துறை என்றதும் பெரிதாக நினைக்காதீங்க. பணமும் இல்லை, ஆளும் இல்லை.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் குழந்தைகளுக்கு வரும் லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், கூடிக்கொண்டிருந்தது. குறிப்பாக 2 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டூவர்ட் யோசித்தது இதுதான்: இவ்வளவு சின்ன வயதில் வருகிறது என்றால், காரணம் பிறப்பதற்கு முன்னாலேயே இருக்கலாம். அப்படியென்றால் யாரிடம் கேட்க வேண்டும்? அம்மாக்களிடம்.

அந்த ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்த பணம் ஆயிரம் பவுண்டு. கொடுத்தது லேடி டாடா நினைவு அறக்கட்டளை. ஆமாம், நம்ம டாடா குடும்பம்தான். மெஹர்பாய் டாடா 1931-ல் லுகேமியாவில் இறந்தார். அவர் கணவர் தோராப்ஜி டாடா மனைவியின் நினைவாக, இந்த நோயின் ஆராய்ச்சிக்காகவே ஏற்படுத்திய அறக்கட்டளை அது.

இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க 1953-லிருந்து 1955 வரை புற்றுநோயால் இறந்த, 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியலை எடுத்தார்கள். உள்ளூர் சுகாதாரத் துறை டாக்டர்கள் அந்த அம்மாக்களை நேரில் பார்த்து ஒரு கேள்வித்தாளை நிரப்பினார்கள். அதே வயது, அதே ஊர், நன்றாக இருக்கும் இன்னொரு குழந்தையின் அம்மாவிடமும் அதே கேள்விகள். அதில் ஒன்று: கர்ப்பமாக இருந்தபோது எக்ஸ்ரே எடுத்தீர்களா?

அன்றைக்கு கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுப்பது சாதாரண விஷயம். குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது, இரட்டையா, இடுப்பெலும்பு போதுமான அகலமா என்று பார்ப்பதற்கு வேறு வழி கிடையாது. 1956-ல் லான்செட் இதழில் ஸ்டூவர்ட் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். 1958-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முழு ஆய்வு. இறந்த குழந்தைகளின் அம்மாக்கள், வயிற்றில் எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னது மற்ற அம்மாக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு.

எக்ஸ்ரேயின் அளவு எவ்வளவு? பிற்கால மதிப்பீட்டின்படி 10 மில்லிகிரே அளவில். இன்றைக்கு நாம் சொல்கிற குறைந்த அளவுதான் அது.

அம்மாவின் நினைவு

டாக்டர்கள் இதை ஏற்கவில்லை. தினமும் தாங்கள் எடுக்கும் எக்ஸ்ரே குழந்தைகளைக் கொல்கிறது என்று சொன்னால் யார்தான் ஏற்பார்கள்? ஆனால் எதிர்ப்பில் தன்மானம் மட்டும் இல்லை, நியாயமான ஒரு கேள்வியும் இருந்தது.

குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவை நினைத்துப் பாருங்க. எதனால் இப்படி ஆச்சு என்று ராத்திரி பகலா யோசித்திருப்பார். கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட மாத்திரை, விழுந்து எழுந்தது, எடுத்த எக்ஸ்ரே எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை நன்றாக இருக்கும் அம்மாவுக்கு? அஞ்சு வருஷத்துக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயை அவர் மறந்தே போயிருக்கலாம். அப்படியென்றால் அந்த இருமடங்கு, எக்ஸ்ரேயில் இருந்த வித்தியாசம் அல்ல, நினைவில் இருந்த வித்தியாசம். இதை நினைவுச் சாய்வு என்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. "இந்த ஆய்வு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வது ஒன்று. "இந்த இடத்தில், இந்தக் காரணத்தால், இந்தத் திசையில் தப்பு நடந்திருக்கலாம்" என்று சொல்வது வேறொன்று. முதலாவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த 40 வருஷமும் நடந்தது அந்தச் சோதனைதான்.

9-ம் 10.5-ம்

முதல் சோதனை 1960-ல். செய்தவர்கள் மூவர்: கோர்ட் பிரவுன், ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில். டாலும் ஹில்லும் யார் தெரியுமா? புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று 1950-ல் காட்டியவர்கள். பிரிட்டனில் இந்தத் துறையில் அவர்களுக்கு மேல் பெயர் கிடையாது.

அவர்கள் அம்மாக்களிடம் போகவே இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து, 1945 முதல் 1956 வரை வயிற்றிலோ இடுப்பிலோ எக்ஸ்ரே எடுக்கப்பட்ட கர்ப்பிணிகளின் பட்டியலை எடுத்தார்கள். பிறந்த குழந்தைகள் 39,166 பேர். இவர்களில் எத்தனை பேர் லுகேமியாவில் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். நாட்டின் சராசரிப்படி எதிர்பார்க்க வேண்டியது 10.5 மரணம். உண்மையில் இறந்தவர்கள் 9.

நினைவுச் சாய்வுக்கு இடமே இல்லாத ஆய்வு. பெரிய பெயர்கள். கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள். கூடுதல் இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால் அந்த எண்களை ஒரு நிமிஷம் பார்ப்போம். 40,000 என்பது பெரிய எண் மாதிரி தெரிகிறது. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது 40,000 அல்ல, 9. எக்ஸ்ரே ஆபத்தை இருமடங்காக்குகிறது என்றால் 21 மரணம் வந்திருக்க வேண்டும். 9-க்கும் 21-க்கும் ரொம்ப தூரம். அதனால், இருமடங்கு என்பது கஷ்டம் என்று இந்த ஆய்வு சொல்லலாம், அது நியாயம். ஆபத்து 40 சதவீதம் மட்டும் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 14.7 வர வேண்டும். நிஜமாகவே 40 சதவீத ஆபத்து இருந்தாலும், வெறும் தற்செயலால் 9 அல்லது அதற்கும் குறைவாக வருவதற்கு 12-ல் ஒரு வாய்ப்பு உண்டு. அது அப்படியொன்றும் அதிசயம் இல்லை.

அதாவது இந்த ஆய்வு "ஆபத்து இல்லை" என்று காட்டவில்லை. "இருமடங்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை" என்று மட்டும்தான் காட்டியது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஆய்வில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்கு அந்த நோய் வந்தது என்றும் கேட்கணும். வலிமை அங்கேதான் இருக்கிறது.

பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட பதிவு

இரண்டாவது சோதனை 1962-ல், அமெரிக்காவில். ஹார்வர்டில் பிரையன் மக்மேன். வடகிழக்கு அமெரிக்காவின் 37 பிரசவ ஆஸ்பத்திரிகளில் 1947-லிருந்து 1954 வரை பிறந்த 7,34,243 குழந்தைகள். அவர்களில் யார் யார் புற்றுநோயால் இறந்தார்கள் என்று தேடினார். அந்த அம்மாக்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததா என்பதை ஆஸ்பத்திரிக் குறிப்பிலிருந்து எடுத்தார். ஒப்பிடுவதற்கு, மொத்தப் பிறப்புகளிலிருந்து 100-க்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்தெடுத்துப் பார்த்தார்.

இதன் அழகு என்னவென்றால், அந்தக் குறிப்பு எழுதப்பட்டது குழந்தை பிறப்பதற்கு முன்னால். எழுதிய நர்ஸுக்கோ டாக்டருக்கோ இந்தக் குழந்தைக்குப் பின்னால் நோய் வரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. நினைவுக்கு இங்கே வேலையே இல்லை. டால் ஆய்வைவிடப் பல மடங்கு பெரிது, லுகேமியா மட்டும் இல்லாமல் எல்லாப் புற்றுநோயும் கணக்கில் வந்தது.

முடிவு: எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் அதிகம்.

ஸ்டூவர்ட் முதலில் சொன்ன இருமடங்கு இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. டால் ஆய்வோடும் இது மோதவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

இரட்டைக் குழந்தைகள் கொடுத்த சாட்சி

நினைவுச் சாய்வு போனது. அடுத்த சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே சும்மா எடுக்க மாட்டார்களே? அம்மாவுக்கோ குழந்தைக்கோ ஏதோ பிரச்சினை இருந்ததால்தான் எடுத்திருப்பார்கள். புற்றுநோய்க்குக் காரணம் எக்ஸ்ரே இல்லாமல், அந்தப் பிரச்சினையாக இருந்தால்?

இதுவும் நல்ல சந்தேகம். ராபின் மோல் என்ற ஆராய்ச்சியாளர் 1974-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரட்டைக் குழந்தைகள். அன்றைக்கு வயிறு பெரிதாக இருந்தாலே இரட்டையா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். ஸ்டூவர்ட்டின் தரவில் ஒற்றைக் குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரே என்றால், இரட்டையர்களில் சுமார் 55 சதவீதம். நோயால் அல்ல, இரட்டை என்பதால் மட்டுமே எடுத்தது. ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு நோய்தான் காரணம் என்றால், இரட்டையர்களிடம் எக்ஸ்ரேக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு தேய்ந்து போயிருக்க வேண்டும். தேயவில்லை.

அதற்கு முன்பே, 1970-ல், ஸ்டூவர்ட்டும் அவருடன் வேலைசெய்த புள்ளியியலாளர் ஜார்ஜ் நீலும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். எடுத்த ஃபிலிம்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

எதிர்த் தரப்பிலும் பலமான ஒரு சாட்சி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது வயிற்றில் இருந்த குழந்தைகளைத் தொடர்ந்ததில், சின்ன வயதுப் புற்றுநோய் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. ஆனால் அவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். குழந்தைப் புற்றுநோய் அவ்வளவு அபூர்வம் என்கிறபோது, ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் பெரிய சாட்சி ஆகாது. இந்த முடிச்சு முழுதாக அவிழ்ந்தது என்று சொல்ல முடியாது.

1997: டால் திரும்பி வருகிறார்

இப்போ கதையின் முக்கியமான இடம். 1997-ல் 40 வருஷ ஆதாரங்கள் எல்லாவற்றையும் எடுத்து எடைபோட்டு பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ரேடியாலஜியில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் ரிச்சர்ட் வேக்ஃபோர்ட். இன்னொருவர் ரிச்சர்ட் டால். ஆமாம், 1960-ல் 9 என்று எண்ணிய அதே டால்.

அவர்கள் வந்த முடிவு: வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 10 மில்லிகிரே அளவு பட்டாலே சின்ன வயதில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. இது தற்செயல் அல்ல, காரணமும் விளைவும்தான். கூடுதல் ஆபத்து, ஒரு கிரேவுக்குச் சுமார் 6 சதவீதம்.

எந்த ஒரு ஆய்வும் இதைத் தனியாக நிரூபிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்தது. ஆனால் ஒன்றில் இருந்த ஓட்டை இன்னொன்றில் இல்லை. அம்மாக்களிடம் கேட்ட ஆய்வுக்கு நினைவுச் சாய்வு உண்டு, பதிவேட்டு ஆய்வுக்குக் கிடையாது. பதிவேட்டு ஆய்வில் எக்ஸ்ரே எடுத்த காரணம் குழப்பும், இரட்டையர் ஆய்வில் குழப்பாது. வேறு வேறு விதமாகத் தவறக்கூடிய ஆய்வுகள் ஒரே பக்கம் கை காட்டினால், அது கனமான சாட்சி. ஒரே குறை உள்ள 10 ஆய்வுகள் ஒரே பதிலைச் சொன்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் நடைமுறையும் மாறிவிட்டது. ஸ்டூவர்ட்டின் முழு ஆய்வு வந்த அதே 1958-ல், லான்செட்டில் கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட், ஒலி அலைகளால் வயிற்றுக்குள் பார்க்கும் முறை பற்றி எழுதினார். அதுதான் இன்றைய அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. குறைவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. ஒரு ஆய்வை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வருஷங்கள் விலை.

கிரீஸில் பிறக்காத குழந்தைகள்

அலட்சியத்துக்கு விலை உண்டு என்றால், அளவு தெரியாத பயத்துக்கும் விலை உண்டு.

ஒரு கிரேவுக்கு 6 சதவீதம் என்றால், 10 மில்லிகிரேவுக்கு எவ்வளவு? 10,000 குழந்தைகளில் கூடுதலாகச் சுமார் 6 பேர். "40 சதவீதம் அதிகம்" என்று கேட்டால் பதறுகிறோம். "10,000-ல் 6" என்று கேட்டால் யோசிக்கிறோம். இரண்டும் ஒரே ஆபத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.

1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்து. கதிரியக்கத் தூசு கிரீஸ் வரைக்கும் போனது. அங்கே கிடைத்த கூடுதல் அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குள்தான். ஆனால் செய்திகளில் குழப்பம், டாக்டர்களிடமும் குழப்பம். குறைப்பிறவி பிறக்கும் என்ற பயம். டிமிட்ரியோஸ் டிரைகோபூலோஸ் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் வேலைசெய்தவர்களும் 1987-ல் பிறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஜனவரியில் பிறப்பு, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 23 சதவீதம் குறைவு. பெற்றோர் விரும்பிய கர்ப்பங்களில் சுமார் 2,500 கலைக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

ஆபத்து அளவோடு சேர்ந்து அதே விகிதத்தில் குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்க. 1 மில்லிசீவர்ட் என்றால் 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு. அந்த 2,500 குழந்தைகளும் பிறந்திருந்தால், கூடுதலாக எதிர்பார்க்க வேண்டிய புற்றுநோய் ஒன்றுகூட முழுதாக வராது. பிறவிக் குறைபாட்டைப் பொறுத்தவரை, 100 மில்லிகிரேவுக்குக் கீழே கவலைப்படும்படி எதுவும் காணப்படவில்லை என்பதுதான் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலை.

ஆகவே ஆபத்து இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு என்பது மீதிப் பாதி.

அதே ஆள், வேறு ஆய்வு

ஸ்டூவர்ட் ஜெயித்துவிட்டார், அதனால் அவர் சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் ஜாக்கிரதை.

அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட் என்று ஒரு அணு ஆயுத ஆலை. நாகசாகியில் போட்ட குண்டுக்குப் புளுட்டோனியம் செய்த இடம். அதன் தொழிலாளர்களைப் பற்றி ஆராய தாமஸ் மன்குசோ என்பவரை அரசு 1964-ல் நியமித்தது. அவர் 1970-களில் ஸ்டூவர்ட்டையும் நீலையும் துணைக்கு அழைத்தார். குறைந்த அளவிலேயே புற்றுநோய் கூடுகிறது, அதுவும் ஹிரோஷிமா கணக்கைவிடப் பல மடங்கு என்று மூவரும் 1977-ல் எழுதினார்கள். அந்த வருஷமே மன்குசோவின் அரசு ஒப்பந்தம் முடிந்துபோனது.

பணம் கொடுத்த அரசே தரவையும் கையில் வைத்திருந்தது. அது சரியில்லை. பின்னாளில், 1990-ல், அமெரிக்க எரிசக்தித் துறை இந்த ஆய்வுகளின் பொறுப்பைச் சுகாதாரத் துறைக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. ஆனால் அரசு அநியாயமாக நடந்துகொண்டது என்பதால் ஆய்வு சரி என்று ஆகிவிடாது. பல வகைப் புற்றுநோய்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றிரண்டு தற்செயலாகவே மாட்டும். வேறு குழுக்கள் அதே தரவை மறுபடி அலசியபோது, அந்தப் பெரிய எண்கள் நிற்கவில்லை.

பிறகு என்ன ஆச்சு? பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுத் தொழிலாளர்களையும் ஒன்றாகச் சேர்த்து இன்வொர்க்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 3,09,932 பேர். ஒவ்வொருவர் சட்டையிலும் கதிர்வீச்சை அளக்கும் பட்டை இருந்ததால், அளவு ஊகம் அல்ல, பதிவு. 2023-ல் வந்த முடிவு: ரத்தப் புற்றுநோய் தவிர்த்த மற்ற புற்றுநோய் மரணம், ஒரு கிரேவுக்குச் சுமார் 52 சதவீதம் கூடுகிறது. இது ஹிரோஷிமா கணக்குக்கு அருகில்தான் இருக்கிறது. ஆபத்து உண்டு என்ற ஸ்டூவர்ட்டின் வாதம் நின்றது. பல மடங்கு என்ற வாதம் நிற்கவில்லை. ஆளைப் பார்த்து நம்பியிருந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருப்போம்.

நல்ல செய்தியும் சந்தேகத்துக்குரியதே

இப்போ எதிர்த் திசை. தைவானில் 1980-களின் தொடக்கத்தில், கோபால்ட்-60 கலந்த பழைய இரும்பு எப்படியோ உருக்கப்பட்டு, கட்டடக் கம்பியாகி, அடுக்குமாடி வீடுகளுக்குள் போய்விட்டது. 1992-ல்தான் வெளியே தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காகக் கதிர்வீச்சுக்குள் குடியிருந்திருக்கிறார்கள்.

2004-ல் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 10,000 குடியிருப்பாளர்களில் 232 புற்றுநோய் மரணம் எதிர்பார்க்கப்பட்டது, நடந்தது வெறும் 7. கதிர்வீச்சு புற்றுநோயைத் தடுக்கிறது! இன்றைக்கும் இணையத்தில் சுற்றிவரும் எண் இது.

ஆனால் கேளுங்க, அந்த 232 எங்கிருந்து வந்தது? மொத்த தைவான் மக்கள்தொகையின் விகிதத்திலிருந்து. அதில் தாத்தா பாட்டிகளும் உண்டு. அந்த வீடுகளில் இருந்தவர்களோ, பெரும்பாலும் இளம் குடும்பங்கள், குழந்தைகள், மாணவர்கள். வயதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால், நம் ஊர்க் காலேஜ் ஹாஸ்டலில்கூடப் புற்றுநோய் மாயமாகிவிட்டது மாதிரிதான் தெரியும்.

2006-ல் வேறொரு குழு, பதிவான 7,271 பேரை, வயதும் பாலினமும் பார்த்து, தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டது. சராசரி அளவும் முன்பு சொன்னதைவிட மிகக் குறைவு, சுமார் 48 மில்லிசீவர்ட்தான். மொத்தப் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவு. ஆண்களிடம் லுகேமியா அதிகம். 7-ம் 232-ம் எங்கேயும் இல்லை.

நம்ம கடற்கரை மணல்

கடைசியாக நம் பக்கத்துக்கு வருவோம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தென் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு. இதே மணல் கேரளத்தின் கொல்லம் கடற்கரையிலும் உண்டு.

அங்கே கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். வந்த புற்றுநோய்கள் 1,379. கதிர்வீச்சு கூடியதற்கேற்ப நோய் கூடவில்லை. வீடுவீடாக அளந்து செய்த கண்ணியமான ஆய்வு. அப்படியென்றால் இன்வொர்க்ஸ் தப்பா?

இங்கேதான் டாலின் 9 நமக்கு உதவுகிறது. ஒரு ஆய்வு ஒற்றை எண்ணை மட்டும் தருவதில்லை, ஒரு வரம்பையும் தருகிறது. கருநாகப்பள்ளியின் வரம்பு, ஒரு கிரேவுக்கு 58 சதவீதம் குறைவதிலிருந்து 46 சதவீதம் கூடுவது வரை. இன்வொர்க்ஸின் வரம்பு 27-லிருந்து 77 சதவீதம் கூடுவது வரை. ஒன்று நோய் வந்ததை எண்ணியது, மற்றது மரணத்தை எண்ணியது, அதனால் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு வரம்பும் 27-க்கும் 46-க்கும் நடுவே ஒன்றோடொன்று படிகின்றன. தலைப்பில் சண்டை போடும் இரண்டு ஆய்வுகள் உள்ளே அவ்வளவு தூரத்தில் இல்லை.

கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது?

அடுத்த தடவை கதிர்வீச்சு பற்றி ஒரு ஆய்வு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்போது, "ஆபத்து" என்றாலும் சரி, "நல்லது" என்றாலும் சரி, கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. ஒவ்வொருவர் மேலும் பட்ட அளவு அளக்கப்பட்டதா, ஊகிக்கப்பட்டதா? யாரோடு ஒப்பிட்டார்கள், வயது பொருந்துகிறதா? நோய் வந்தவர்கள் எத்தனை பேர்? வரம்பு எங்கிருந்து எங்கே வரை? இதே குறை இல்லாத வேறு ஆய்வு என்ன சொல்கிறது? கடைசியாக, 10,000 பேருக்கு எத்தனை பேர்?

நாளைக்கே உங்கள் வீட்டில் ஒருவருக்கு டாக்டர் சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், இந்தக் கதையை வைத்துப் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். "இது தேவையா, அல்ட்ராசவுண்ட் போதுமா, முன்னால் எடுத்த ஸ்கேனே போதுமா?" என்று கேட்கலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடலாம். தேவை என்று டாக்டர் விளக்கினால், எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆலிஸ் ஸ்டூவர்ட் 2002-ல் காலமானார், ரிச்சர்ட் டால் 2005-ல். 1960-ல் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். 1997-ல் டால் எழுதிய முடிவு, ஸ்டூவர்ட் அம்மாக்களிடம் கேட்டுத் தொடங்கிய கேள்விக்கான பதில். தன் பழைய எண்ணை டால் மறைக்கவில்லை. அந்த 9-ஐயும் சேர்த்து எடைபோட்டுத்தான் மறுபக்கம் வந்தார்.

அடுத்த எபிசோடில் வேறொரு வழக்கோடு சந்திப்போம்.